கறித்தூள் வறுக்காத பன்னிரண்டு நாள்

கமலினி புருசனை விட்டுப் போகவில்லை. மரைக்குப் போனாள். இதை எத்தனை தரம்தான் சொல்வது?

கேரம் டவுன்ஸ் கோயிலில் செருப்புக் கழற்றுகிற இடத்திலிருந்து அன்னதானம் நடக்கிற இடம் வரைக்கும் இதே கதைதான். வெள்ளிக்கிழமையும் அதுவுமாய் விடியக்காலையில் பெரிய பையைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டை விட்டு இறங்கிவிட்டாளாம். புருசன் அருந்தவன் பாவம், வாசலில் நின்று கண்ணைத் துடைத்தாராம். கண்ணைத் துடைத்தது உண்மை. கோடாலித் தைலம் பூசின கையால் கண்ணைத் தொட்டால் யாருக்குத்தான் தண்ணீர் வராது? "கிட்ட வராதேங்கோ, என்னைத் தொடாதேங்கோ" என்று அவள் கத்தினதும் உண்மை. பக்கத்து வீட்டுப் பத்மா குப்பைத் தொட்டியைத் தெருவுக்கு இழுத்துவந்த நேரம் அது. அவள் காதில் அந்த இரண்டு சொல் விழுந்தது. அதை வைத்தே ஒரு குடும்பத்தைப் பிரித்துவிட்டாள். பத்மா நல்ல மனுசிதான். கோயம்புத்தூர்க்காரி, கேட்காமலே இட்லி கொண்டுவந்து தருவாள். ஆனால் இட்லி கொடுத்ததற்காக அவள் சொல்வதையெல்லாம் விழுங்க முடியுமா?

கமலினிக்கு நாற்பத்தேழு வயது. டாண்டினாங் பக்கம் ஒரு இறைச்சித் தொழிற்சாலையில் எலும்பு பிரிக்கிற வேலை, பதினொரு வருசமாக. சேர்ந்த வாரம் அங்கிருந்த ஆண்கள், இந்தச் சின்ன மனுசி ஒரு மாதம் தாங்காது என்று பந்தயம் பிடித்தார்கள். இன்றைக்கு ஒரு ஆட்டுத் தொடையை அவளைவிட வேகமாகப் பிரிக்கிற ஆள் அந்த வரிசையில் இல்லை. தன் கத்தியைத் தானே தீட்டுவாள், இன்னொருவர் கையில் கொடுக்கமாட்டாள்.

அங்கேதான் அவள் வேட்டைக் கதை கேட்டாள். வெள்ளைக்காரர் 'சாம்பார், சாம்பார்' என்று சொல்ல, முதலில் சாப்பாட்டுக் கதை என்றே நினைத்தாள். ஒருவன் போனில் ஒரு பெரிய மானின் படத்தைக் காட்டினான். "இது மரையெல்லே!" என்று தமிழிலேயே சொல்லிவிட்டாள். கிளிநொச்சிக் காட்டு மரைக்குச் சொந்தம்தான் அது. எங்கள் பக்கத்திலிருந்து கப்பலில் கொண்டுவந்து விட்டு நூற்றைம்பது வருசத்துக்கு மேலாகிறது. இங்கே மலையெல்லாம் பெருகிக் கிடக்கிறது.

ஊரில் யுத்தத்துக்குள் துப்பாக்கிச் சத்தம் கேட்டு ஓடினவள் துவக்கு வாங்கலாமா என்று கேட்டவர்களும் உண்டு. அவள் களவாக வாங்கவில்லை. படித்து, பொலிசிடம் லைசென்ஸ் எடுத்து, இரும்புப் பெட்டி வைத்துப் பூட்டித்தான் வாங்கினாள். ஒரு வருசம் ஞாயிறு ஞாயிறாகக் கடதாசியில் வரைந்த குறியைச் சுட்டுப் பழகினாள். அதற்குப் பிறகுதான் வரதராஜாவின் யூட்டில், பின்பக்கம் திறந்த அந்தச் சின்ன லொறியில், காட்டுக்குப் போனாள்.

வரதராஜா பத்து வருச வேட்டைக்காரர். அந்த வெள்ளிக்கிழமைக்குப் பன்னிரண்டு நாள் முந்தி, ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஜிப்ஸ்லாண்டுக் காட்டில் அவர் பள்ளத்துப் பக்கம் போக, கமலினி மலை முகட்டால் மெல்ல இறங்கினாள். குளிர் விலகாத காலை. பத்தடிக்கு முன்னால் பன்னை என்கிற பெரணிப் பற்றை வெடித்ததுபோல் விலகியது. எருமை எழும்பினதுபோல் ஒரு கிடா மரை எழும்பி ஓடியது. இடது கொம்பின் நுனி உடைந்திருந்தது. அவள் துவக்கைத் தூக்கினாள், பின்பக்கம் மட்டுமே தெரிந்தது, தாழ்த்திவிட்டாள்.

ஓடி வந்த வரதராஜா, "ஏன் வெடி வைக்கேல்லை?" என்று கத்தினார்.

"பின்பக்கம்தானே தெரிஞ்சது அண்ணை. காயப்பட்டு ஓடினால் எங்கை கிடந்து சாகுமோ."

"இனி உது கிடைக்காது. நியூ சவுத் வேல்ஸுக்கே ஓடியிருக்கும்!" கிட்ட வந்து அவள் ஜாக்கெட்டை மணந்து பார்த்தார். "என்ன பிள்ளை, கறித்தூள் வறுத்தனியே?"

வறுத்தாள்தான். முதல் நாள் மூன்று கிலோ. ஜாக்கெட் குசினிக் கதவுக்குப் பின்னால் தொங்கியது. குளிருக்குள் காற்று மலையிலிருந்து கீழே இறங்கும். அவளோ மேலிருந்து இறங்கினாள். மல்லியும் மிளகாயும் பெருஞ்சீரகமும் அவளுக்கு முன்னால் நடந்துபோய் மரையை எழுப்பிவிட்டன.

அடுத்த சனிக்கிழமை அன்னதானத்தில் வரதராஜா பந்தியெல்லாம் கேட்கச் சொன்னார்: "மரை மூன்று தரம் தும்மிப்போட்டெல்லே ஓடினது! இனி உவவைக் கூட்டிக்கொண்டு போனால் நானும் தும்மிக்கொண்டுதான் வரவேணும்." எல்லோரும் சிரித்தார்கள்.

மரை தும்மவில்லை. கத்தவுமில்லை. பயந்த மரை மலை அதிரக் கத்தும். இது அறுபதடி போய் ஒருதரம் திரும்பிப் பார்த்துவிட்டு நடந்து போனது. கமலினி அது படுத்திருந்த இடத்தில் கையை வைத்துப் பார்த்திருந்தாள், சூடாக இருந்தது. சுற்றிப் பழைய புழுக்கை, புதுப் புழுக்கை, கொம்பு தேய்த்த மரம். ஒரு நாள் படுக்கை இல்லை அது, வீடு. ஒரு மணத்துக்காக யார் வீட்டை விட்டுப் போவார்கள்?

"வரதண்ணை," என்றாள், சோற்றுக் கையோடு. "அதே மரையை, அதே இடத்திலை, வாற வெள்ளிக்கிழமை எடுப்பன். இல்லாட்டித் துவக்கைக் குடுத்துப்போட்டு இனிக் காட்டுப் பக்கம் போகமாட்டன்."

அத்தனை பேருக்கு முன்னால் சொன்ன சொல். சொல்லிவிட்டுச் சோற்றைச் சாப்பிட்டு முடித்தாள், மிச்சம் வைக்கவில்லை.

வேலையை அவள் அந்த ஞாயிறே தொடங்கியிருந்தாள். ஜாக்கெட்டை வெறும் தண்ணீரில் அலசிப் பின்வளவு யூக்கலிப்டஸ் மரத்தில் தொங்கவிட்டாள். பன்னிரண்டு நாளும் அது மழையிலும் வெயிலிலும் தொங்கியது. வீட்டில் தாளிதம் இல்லை. அருந்தவன் அவித்த முட்டையும் பாணும் சாப்பிட்டார். தலைக்கு எண்ணெய் இல்லை, பூ இல்லை, சந்தனம் இல்லை. அவர் முழங்கால் நோவுக்குத் தைலம் பூசுகிறவர் என்பதால் அவள் அடுத்த அறையில் படுத்தாள். கர்ப்பூர மணம் ஒட்டும் என்று அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு கோயிலுக்கும் போகவில்லை. இதில் எது குற்றம்? சிவன் கையில் மானை வைத்துக்கொண்டு, புலித்தோலும் கட்டிக்கொண்டு நிற்கிறார். அவரே ஒன்றும் சொல்லவில்லை.

பத்மாதான் வேலிக்கு மேலால் கேட்டாள். "என்ன கமலினி, உங்க வீட்ல தாளிக்கிற வாசனையே வரலையே? சண்டையா?"

"சண்டையில்லை அக்கா. மரைக்காகச் சமைக்கேல்லை."

"மரையா? அப்படின்னா?"

"சாம்பார் அக்கா, சாம்பார்!"

"அதைத்தான் நானும் கேக்குறேன். சாம்பார் வைக்கிறதுக்கு எதுக்கு சமைக்காம இருக்கீங்க?"

கமலினிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. விளக்கம் சொல்லாமல் உள்ளே போய்விட்டாள். அவள் செய்த பிழை அது ஒன்றுதான்.

அந்த வெள்ளிக்கிழமைக்கு வேலைத்தலத்தில் லீவு சொல்லியிருந்தாள். காலை ஐந்தரைக்கு மரத்திலிருந்த ஜாக்கெட்டைப் போட்டு, பையும் துவக்கும் எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டாள். அருந்தவன் முழங்காலுக்குத் தைலம் பூசின கையோடு, தேத்தண்ணிப் போத்தலைத் தர ஓடி வந்தார். அப்போதுதான் 'தொடாதேங்கோ' என்ற அந்தச் சத்தம். மனுசன் பயந்து, போத்தலைப் படியில் வைத்துவிட்டுக் கண்ணைக் கசக்கினார். "போயிட்டு வாறன்" என்று அவள் சொன்னது பத்மாவின் குப்பைத் தொட்டிச் சில்லுச் சத்தத்தில் அடிபட்டுப் போனது.

காட்டில் அவள் அவசரப்படவில்லை. வெயில் சரிவில் விழுந்து காற்று மேலே ஏறத் தொடங்கும்வரை காருக்குள்ளேயே இருந்தாள். பிறகு முகட்டால் நடந்தாள். பத்து அடிக்கு ஒருதரம் வாசனை கலக்காத திருநீற்றில் ஒரு சிட்டிகை எடுத்து விட்டுப் பார்த்தாள். அது அவள் முகத்துக்கே திரும்பி வந்தது. சரி.

மரையின் படுக்கைக்கு எண்பதடி மேலே ஒரு பாறையோடு குந்தினாள். பன்னைக்குள் எதுவும் தெரியவில்லை. வரதராஜாவின் சிரிப்பு ஒருதரம் காதில் கேட்டது. பிறகு ஒரு காது அசைந்தது. மொய்த்த இலையானை விரட்டின காது. பக்கத்தில் நுனி உடைந்த கொம்பு.

படுத்திருக்கிறதைச் சுடவில்லை, இலைக்குள் எங்கே படும் என்று தெரியாது. கல்லை எறிந்து எழுப்பவும் இல்லை. ஒருதரம் எழுப்பினது போதும். ஒன்றரை மணித்தியாலம் இருந்தாள். கால் விறைத்தது. மரை தானாக எழும்பி, முதுகை வளைத்துச் சோம்பல் முறித்து, பக்கவாட்டில் நின்றது. தோளுக்குப் பின்னால், ஒரே வெடி. முப்பதடி ஓடி விழுந்தது.

அரை மணித்தியாலம் பொறுத்து இறங்கினாள். முதலில் படுக்கையில்தான் கையை வைத்தாள். இன்னும் இளஞ்சூடு இருந்தது. பிறகு மரையின் கழுத்தைத் தடவிவிட்டுக் கத்தியை எடுத்தாள். பதினொரு வருசக் கை. ஒரு வெட்டும் பிசகவில்லை.

முதல் சுமை இறைச்சியோடு முகட்டுக்கு ஏறின பிறகுதான் போன் வேலை செய்தது.

"இஞ்சேருங்கோ, எடுத்திட்டன். அதே கிடா. வரதண்ணைக்குப் போன் அடிச்சு யூட்டைக் கொண்டுவரச் சொல்லுங்கோ, தனிய எல்லாத்தையும் சுமக்கேலாது."

அருந்தவன் உடனே கேட்டார்: "நான் என்ன செய்ய?"

"கறித்தூள் வறுங்கோ."

"பத்மாவுக்கு மணக்குமெல்லே. யன்னலைப் பூட்டட்டோ?"

"வேண்டாம்," என்றாள் கமலினி. "எல்லாத்தையும் திறந்து வைச்சு வறுங்கோ."