பன்னிரண்டு புள்ளி ஆறு

முதலில் கறுப்புக் கம்பி, பிறகுதான் சிவப்பு. நவம்பர் கடைசிச் சனிக்கிழமை காலையில் ஸ்பிரிதோன் கார்க் கொட்டகையில் பானெட்டைத் திறந்துவைத்து, பத்தாம் நம்பர் ஸ்பேனரால் இரண்டு நட்டுகளையும் தளர்த்தி, பேட்டரியைத் தூக்கினார். பதினைந்து கிலோ. செப்டம்பர் தொடக்கத்தில் குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் செய்த இடம் லேசாக இழுத்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு முற்றத்தைக் கடந்தார்.

வேலிக்கு அந்தப் பக்கம் விறகு பிளந்துகொண்டிருந்த போர்ஃபீரி நிமிர்ந்து பார்த்தான்.

"என்னண்ணே, பொண்ணத் தூக்கிட்டு வர்ற மாப்பிள்ளை மாதிரி வர்றீங்க! பாத்து, நிலைப்படியில இடிச்சிராதீங்க."

"வாய வெச்சுக்கிட்டு நிக்காம வந்து கதவத் தொறடா."

போர்ஃபீரி வந்து வராந்தாக் கதவைத் திறந்து பிடித்தான். "இந்தக் குளிருல வராந்தாவுலயா வெக்கப் போறீங்க? நான் என்னோடத அடுப்புப் பக்கத்துல வெச்சுட்டேன். பாவம், அதுவும் ஒரு சீவன்தானே."

"அதான் உன்னுது ரெண்டு வருஷத்துக்கு ஒண்ணு சாகுது."

அந்த ஊரில் பாதிப் பேர் செய்கிற தப்பு அது. டிசம்பரில் பனி கொட்டிவிட்டால் தெருவிலிருந்து பெரிய ரோட்டுக்குப் போகிற பாதை மார்ச் வரை மூடிக்கிடக்கும், யாரும் வண்டி எடுப்பதில்லை. பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டுவருவார்கள். கொண்டுவந்ததும் மனிதருக்குச் செய்கிறதை அதற்கும் செய்வார்கள்: கணப்புப் பக்கத்தில் வைத்து, மேலே ஒரு பழைய கம்பளியும் போர்த்துவார்கள். கதகதப்பில் அது தானாகவே சீக்கிரம் வடிந்துபோகும். குளிர் அதை ஒன்றும் செய்யாது, சார்ஜ் நிறைந்திருக்கிற வரை. வடிந்துபோன பேட்டரிதான் உறையும், உறைந்தால் அதன் பிளாஸ்டிக் ஓடு வெடிக்கும். கணப்பு இல்லாத, காய்ந்த இடம் வேண்டும். மாதம் ஒருமுறை மீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும். பன்னிரண்டரை வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் நிதானமாக சார்ஜ் ஏற்ற வேண்டும். இவ்வளவுதான் சங்கதி.

சர்க்கரை ஆலையில் இருபத்தாறு வருஷம் எலக்ட்ரீஷியனாக இருந்தவருக்கே இது முதலில் தெரிந்திருக்கவில்லை என்றால் யாரும் நம்பமாட்டார்கள். அக்லாயா இத்தாலிக்குப் போன முதல் குளிர்காலத்தில் ஸ்பிரிதோனும் பேட்டரியைப் படுக்கையறையில், கட்டிலில் அவள் படுக்கிற பக்கம்தான் வைத்திருந்தார். அங்கே கணப்புச் சுவர் நன்றாகச் சுடும். அடுத்த குளிர்காலமும் அங்கேதான். அது முடிவதற்குள் பேட்டரி செத்துப்போனது. அதற்கப்புறம்தான் வராந்தா.

அவள் போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது. பாதுவா நகரத்தில் ஒரு கிழவியைப் பார்த்துக்கொள்கிற வேலை. மகளின் படிப்புக்கு என்று போனாள். மகள் படித்து முடித்து, கல்யாணமும் ஆகி, அயர்லாந்துக்குப் போய்விட்டாள். பிறகு கூரைக்கு ஓடு மாற்ற என்று ஆனது. அப்புறம் குளியலறைக்கு. அப்புறம் ஒன்றுக்கும் இல்லை, ஆனால் வேலை இருந்தது. ஆகஸ்டில் மூன்று வாரம் வருவாள். அந்த மூன்று வாரமும் அவர்களுடைய வெள்ளை ஒப்பல் கார் ஓடும்: மடத்துக்கு, சந்தைக்கு, அவள் தங்கை வீட்டுக்கு. மற்ற நாளில் ஸ்பிரிதோனுக்கு சைக்கிள் போதும். வாரத்துக்கு ஒருமுறை காரை உறுமவிட்டு அணைப்பதோடு சரி.

இந்த செப்டம்பரில் அவள் போனில் சொன்னாள்: "கிழவிக்கு முடியல. அனேகமா ஈஸ்டருக்கு மொத்தமா வந்துருவேன் போலிருக்கு."

அதைக் கேட்டதிலிருந்து அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. இருந்த பேட்டரி இன்னும் ஒரு வருஷம் தாங்கும். ஆனாலும் அக்டோபர் இருபத்து மூன்றாம் தேதி பஸ் பிடித்து சொரோக்கா டவுனுக்குப் போனார். கடைக்காரர் பெரியதாக ஒன்றை எடுத்துப் போட்டார்.

"அண்ணே, இது கப்பலையே கெளப்பும்."

"என்கிட்டக் கப்பல் இல்லப்பா. வண்டியில என்ன அளவு போட்டிருக்கோ அதைக் கொடு. முதல்ல தேதியக் காட்டு."

எல்லாவற்றையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அலமாரியில் வருஷக்கணக்கில் தூங்கியது வேண்டாம். ஓட்டில் குத்தியிருந்த தேதி ஆகஸ்ட் என்று இருந்த ஒன்றைத் தேர்ந்தெடுத்து, பையிலிருந்து தன் மீட்டரை எடுத்துக் கடையிலேயே வைத்துப் பார்த்தார். கடைக்காரர் சிரித்தார். ஸ்பிரிதோன் சிரிக்கவில்லை. ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் ஏழு வருஷம் வரும். ஏழு வருஷத்தில் அவருக்கு அறுபத்தாறு, அவளுக்கு அறுபத்து மூன்று. அந்தக் கணக்கை பஸ்ஸில் வரும்போது போட்டார்.

மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை மீட்டர் வைக்கிற நாள். அளந்து முடித்துச் சாயங்காலம் நாலு மணிக்கு, அவளுக்கு ஓய்வு இருக்கிற நேரத்தில் கூப்பிடுவார்.

"பன்னெண்டு புள்ளி ஆறு."

"நல்லது."

"கிழவி?"

"சூப் குடிச்சா. பாதி பேரிக்காய் தின்னா. போர்வை குத்துதுன்னு ஒரே சண்டை."

"பனி இங்க முழங்கால் வரைக்கும்."

"இங்க மழை."

பதினோரு வருஷமாக இப்படித்தான். பேட்டரியின் ஏற்ற இறக்கம் அவளுக்கு அத்துப்படி. அவருக்கு ஆபரேஷன் ஆனது மட்டும் அவளுக்குத் தெரியாது. வீணாக எதற்குக் கவலைப்பட வைக்க வேண்டும் என்று நினைத்தார். டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி மூன்று மாதமும் பன்னிரண்டு புள்ளி ஆறுக்குக் குறையவில்லை. அதைச் சொல்லும்போது குரலில் கொஞ்சம் பெருமை வந்ததை அவரே கவனித்தார்.

பிப்ரவரி நடுவில், ஒரு செவ்வாய்க்கிழமை, எல்லையைத் தாண்டி வந்த மினிபஸ்ஸிலிருந்து அவள் கூப்பிட்டாள். "மத்தியானம் கூட்டுரோட்டுல இறங்குவேன்."

ஈஸ்டருக்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது. முன்னாலேயே வந்துவிட்டாள்! பாதை பனியில் மூடியிருந்ததால் ஸ்பிரிதோன் விறகுச் சறுக்குவண்டியை இழுத்துக்கொண்டு போனார்.

"கார் எடுத்துட்டு வரலையா?"

"பேட்டரி வராந்தாவுல இருக்கு."

"ஆமா," என்றாள். "அது வராந்தாவுல இருக்கும்."

அவளுடைய பெட்டியைச் சறுக்குவண்டியில் வைத்து இழுத்தார். மொத்தமாக வருகிறவளுடைய பெட்டி இவ்வளவு லேசாக இருக்காது என்று பாதி வழியில் தோன்றியது. மீதிச் சாமான் அடுத்த வண்டியில் வரும்போல என்று நினைத்துக்கொண்டார். கேட்கவில்லை.

மூன்றாம் நாள் மத்தியானம் அவர் சோளக்களி கிண்டினார். பலகையில் கவிழ்த்து, நூலால் அறுத்து, வெள்ளாட்டுப் பாலாடைக்கட்டியோடு அவள் தட்டில் வைத்தார்.

"உப்பு எங்க?" என்றாள் அக்லாயா.

"எப்பவும் இருக்கற எடத்துலதான்."

"எது எப்பவும் இருக்கற எடம்?"

அவர் எழுந்து, கணப்பு மாடத்திலிருந்து எடுத்துக்கொடுத்தார். அவள் போட்டுக்கொள்ளவில்லை. கிண்ணத்தைக் கையில் வைத்தபடியே சொன்னாள்: "ஞாயித்துக்கிழம வண்டியில எடம் சொல்லி வெச்சிருக்கேன்."

"யாருக்கு?"

"எனக்கு."

"சரி, இன்னும் ரெண்டு மாசம்தானே. கிழவி அதுக்குள்ள..."

"கிழவி செத்துட்டா, ஸ்பிரிதோன்."

"எப்ப?"

"அக்டோபர் இருபத்தி மூணு."

அவர் கரண்டியைக் கீழே வைத்தார். "அப்ப சூப்? பேரிக்காய்? போர்வைச் சண்டை?"

"அது வேற கிழவி. செத்தவளோட மகன்தான் அதே கட்டடத்துல இன்னொரு வீட்டுக்குச் சொல்லிவிட்டான். நான் பொய் சொல்லல. இவளும் சூப்தான் குடிக்கிறா."

"ஏன் சொல்லல?"

"சொல்லத்தான் அன்னிக்கு போன் எடுத்தேன். நீ முந்திக்கிட்ட. புது பேட்டரி வாங்கிட்டேன், ஏழு வருஷம் வரும்னு சொன்ன. நீ அவ்வளவு சந்தோசமாப் பேசி நான் கேட்டதே இல்ல. அதுக்கப்புறம் எப்படிச் சொல்லச் சொல்ற?"

கணப்பில் விறகு சரிந்தது. அவர் எழுந்து போய்த் தள்ளிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"அந்த ஊர் பென்ஷனுக்காகவா? இன்னும் எத்தனை வருஷம் வேணும்?"

"பென்ஷன் இல்ல." அவள் நெற்றியைத் தொட்டுக் காட்டினாள். "நேத்து தண்ணி குடிக்க எந்திரிச்சு சுவத்துல முட்டிக்கிட்டேன். என் வீட்டுச் சுவத்துல. அங்க இருட்டுலயும் எனக்குத் தடம் தெரியும். எதிர்வீட்டுக்காரி என் இருமலை வெச்சு நான் எந்திரிச்சுட்டேன்னு கண்டுபிடிப்பா. இங்க நான் ஆகஸ்டுக்கு வர்ற விருந்தாளி. நீ நல்லாத்தான் கவனிக்கிற, குறை சொல்லல."

"பதினோரு வருஷம் ஒரு நாள்கூட நான்..."

"தெரியும். எல்லாத்தையும் பத்திரமா வெச்சிருக்க. வீடு, கார், என் கோட்டு, எல்லாம் விட்ட எடத்துல இருக்கு. உன் வயித்துல தையல் போட்ட தழும்பு மட்டும் புதுசு. அத முந்தாநாள் நானாப் பாத்தேன்."

"சொன்னா கவலைப்படுவன்னு."

"கவலைப்பட்டிருப்பேன்," என்றாள். "மொத வண்டியப் புடிச்சு வந்திருப்பேன்."

களி ஆறி, மேலே தோல் கட்டத் தொடங்கியிருந்தது. வெளியே போர்ஃபீரி தன் நாயைத் திட்டுவது கேட்டது. ஸ்பிரிதோன் தன் கைகளைப் பார்த்தார். நகக்கண்ணில் ஏறின கறுப்பு எத்தனை தேய்த்தாலும் போவதில்லை.

"நான் வரட்டுமா?"

அவள் நிமிர்ந்தாள்.

"அங்க. உன்கூட. பாஸ்போர்ட் இருக்கு. கரண்டு வேலை எந்த ஊர்லயும் கரண்டு வேலைதான். பாஷை கத்துக்கறேன்." பேசப் பேச அவர் குரல் அவருக்கே யாருடையதோ போல இருந்தது. "வீட்டை போர்ஃபீரி பாத்துக்குவான். ஞாயித்துக்கிழமை வண்டியிலயே வேணும்னாலும் சரி. ஒரு எடம் கூடக் கேட்டுப் பாரேன், அக்லாயா."

அக்லாயா உப்புக் கிண்ணத்தை மேசை மேல் வைத்தாள். களி அறுத்த நூலை எடுத்து, அதில் ஒட்டியிருந்ததை விரலால் வழித்து, சுருட்டி, தட்டு ஓரத்தில் வைத்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள். நாற்காலியில் கிடந்த சால்வையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து, போனையும் எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போனாள்.