மடத்து வீட்டில் ஒரு ஓம்

எங்கள் குளியலறைக் கதவு மழைக்கு ஊதிப்போய்விட்டது. உள்ளே போனவர் வெளியே வருவதற்கு இன்னொருவர் வெளியில் நின்று உதைக்க வேண்டியிருக்கிறது. புதுக் கதவு வாங்குவோம் என்றேன். என் கணவருக்குப் புதிது என்றாலே ஆகாது, பழைய மரத்தில்தான் சத்து இருக்கிறது என்பார். மோர்ட்கேஜ் கட்டி முடியாத மனிதருக்கு இப்படியொரு ரசனை. அதனால் போன சனிக்கிழமை, கிளென் ஈடனில் எங்கள் வீட்டுக்குக் கொஞ்சம் தள்ளி, இடித்த வீடுகளின் சாமான்களை வாங்கி விற்கும் யார்ட் ஒன்றுக்குப் போனோம்.

அப்படியொரு இடத்துக்கு நீங்கள் போனதில்லை என்றால் ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டும். வரிசை வரிசையாகக் கதவுகள் நிற்கும், ஒன்றுக்கும் வீடு இருக்காது. குளியல் தொட்டிகளில் மழைத் தண்ணீர் தேங்கி நிற்கும். நனைந்த பலகையும் பழைய பெயின்டும் கலந்த மணம். கணவர் கதவுகளைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருக்க, எனக்கு அந்த மணத்துக்குள்ளே இன்னொன்று வந்தது. தேன்மெழுகு. மூக்கு இழுத்த பக்கம் போனேன். கதவுகளுக்குப் பின்னால் அது நின்றது.

நெட்டாக நிறுத்திவைத்த மரப் பீப்பாய் என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் மட்டும் திறந்திருக்கும், உள்ளே இரண்டு தட்டு. நடுவில் ஓர் அச்சு, அதில் முழுப் பெட்டியும் சுற்றும். கையால் தள்ளினேன். பாதிச் சுற்றில் பழைய கிறீச் சத்தம் அப்படியே வந்தது.

யார்ட்காரர் வந்து, இது என்னவென்று உனக்குத் தெரியுமா, எனக்குத் தெரியவில்லை, பூச்சாடி வைக்கலாம் என்று நினைக்கிறேன் என்றார். தெரியும் என்றேன். அதற்கு மேல் அவருக்குச் சொல்லவில்லை. அந்தக் கதை ஒரேயொரு தமிழ்ச் சொல்லில் தொங்கிக்கொண்டிருக்கிறது, ஆங்கிலத்தில் சொன்னால் கீழே விழுந்துவிடும். உங்களுக்குச் சொல்லலாம்.

நான் இந்த நாட்டுக்கு வந்த புதிதில் மங்கரேயில், விமான நிலையத்துக்குப் பக்கத்தில், சரக்கு அனுப்பும் கொம்பனி ஒன்றில் வேலை செய்தேன். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, யாரோ ஒருவருடைய உறைந்த இறைச்சி எந்த விமானத்தில் போகிறது என்று பார்ப்பது என் உத்தியோகம். பக்கத்தில் ரென்ட் எனக்குக் கட்டுப்படியாகவில்லை. தெற்கே, நகரம் முடிந்து மாடுகள் தொடங்குகிற இடத்தில் ஜோன் என்ற வெள்ளைக்காரக் கிழவி தன் வீட்டை இரண்டாகப் பிரித்து வாடகைக்கு விடுகிறார் என்று வேலையிடத்தில் சொன்னார்கள். பழைய கார் ஒன்றை வாங்கிக்கொண்டு அங்கே குடிபோனேன்.

அந்த வீடு முந்தி பெனடிக்டின் சபைக் கன்னியர்கள் இருந்த மடம். வெளியுலகத்துக்கு வராத கன்னியர்கள். செபம், தோட்டம், தேனீ வளர்ப்பு, மிச்ச நேரம் மௌனம். ஆட்கள் குறைந்து, இருந்தவர்களுக்கும் வயது போக, மடத்தை விற்றுவிட்டுப் போய்விட்டார்கள். ஜோனும் அவர் கணவரும் அதை வாங்கி வீடாக மாற்றினார்கள். சிற்றாலயம் இருப்பறையாயிற்று, வண்ணக் கண்ணாடி யன்னலுக்குக் கீழே டிவி. கன்னியர்களின் சின்ன அறைகளில் இரண்டிரண்டைச் சேர்த்து ஒன்றாக்கியதால் ஒவ்வொரு படுக்கையறைக்கும் இரண்டு கதவு, இரண்டு யன்னல். எந்தக் கதவால் வெளியே போவது என்று தூக்கக் கலக்கத்தில் யோசித்துக்கொண்டு நிற்பேன். தரைப் பலகைகளில் மட்டும் அவர்கள் பூசிய தேன்மெழுகு மணம் போகவேயில்லை. அந்த மணம் கெட்டுவிடும் என்று ஜோன் எனக்கு மீன் சமைக்கத் தடை போட்டிருந்தார். யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கு மீனில்லாத வாழ்க்கை. வேலையிடத்தில்தான் மீனைக் கண்ணால் கண்டேன்.

கன்னியர் மடத்தில் இருக்கிறேன் என்று ஊருக்கு அம்மாவிடம் ஃபோனில் சொன்னதுதான் நான் விட்ட பிழை. "வேதத்துக்கு மாறிட்டியே பிள்ளை?" என்றா. கிறிஸ்தவத்துக்கு மாறவில்லையென்று நான் எவ்வளவு சொல்லியும் மனம் ஆறவில்லை. அன்றிலிருந்து எனக்கு மாப்பிள்ளை தேடும் வேலை சூடுபிடித்தது. கனடாவில் ஒருவர், கொழும்பில் ஒருவர், அவர்களுடைய படிப்பு, பல், தமக்கைமார். பேசுவதெல்லாம் அம்மா, என் பங்குக்கு வந்தது ஓம் மட்டும். ஓம், ஓம் அம்மா, ஓம், ஓம். ஃபோன் நடைவழிச் சுவரில் மாட்டியிருந்தது. அதே சுவரில்தான் இந்தச் சுற்றுப் பெட்டியும்.

கன்னியர்கள் காலத்தில் பால்காரர் வெளிப்பக்கம் பாலை வைத்துப் பெட்டியைச் சுற்றிவிடுவாராம். பால் உள்ளே போகும், காலிப் போத்தல் வெளியே வரும், யாரும் யாருடைய முகத்தையும் பார்ப்பதில்லை. ஜோன் வீட்டைப் பிரித்தபோது பெட்டிக்கு இந்தப் பக்கம் எனக்கும், அந்தப் பக்கம், கன்னியர்களின் பெரிய அடுப்படியோடு, அடுத்து வந்தவர்களுக்கும் ஆயிற்று.

அடுத்து வந்தவர்கள் மதுரைக்காரர்கள். முதலில் செந்தில் வந்தார், ஐடி வேலை, சாதுவான ஆள். இது முந்தி மடம் என்று தோட்டத்தில் வைத்து அவருக்குச் சொன்னவள் நான்தான். அவர் அதை அப்படியே ஊரிலிருந்த மனைவி கலைவாணிக்குச் சொல்லியிருக்கிறார், மடத்துல வீடு கிடைச்சிருக்கு என்று. எங்களுக்கு மடம் என்றால் கோயிலுக்கு நடந்து போகிறவர்கள் தங்கிச் சாப்பிடும் இடம். அவர்களுக்கு மடம் என்றால் காவி, சாமியார், பாதபூசை. மடத்துக்கு அறியாமை என்றும் ஒரு பொருள் உண்டு, அதில் எங்கள் எல்லாருக்கும் பங்கிருந்தது.

கலைவாணி வந்து சேர்ந்த பிறகு அவளுடைய முதுகைத்தான் நான் அதிகம் பார்த்தேன். நான் தோட்டத்துக்கு வந்தால் அவள் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய்விடுவாள். சரியான பெருமைக்காரி, எங்கள் தமிழ் பிடிக்கவில்லையாக்கும் என்று நானும் முகத்தை நீட்டிக்கொண்டு திரிந்தேன். ஆனால் ஒருநாள் பெட்டி சுற்றியது, ஒரு தட்டில் எலுமிச்சம்பழச் சாதம் வந்தது. தட்டைக் கழுவி, பிஸ்கட் வைத்துத் திருப்பி அனுப்பினேன். அதன்பிறகு பொங்கல் வந்தது, தயிர்ச் சாதம் வந்தது. எதிலும் வெங்காயம் இல்லை, உள்ளியென்று நாங்கள் சொல்லும் பூண்டும் இல்லை. மதுரையில் இப்படித்தான் சமைப்பார்களாக்கும், பாவங்கள் என்று நினைத்துக்கொண்டு சாப்பிட்டேன்.

ஒருநாள் செந்தில் என் காருக்குப் பக்கத்தில் வந்து நின்றார். கலைவாணி தினமும் அழுகிறாள் என்றார். அவர் இருட்டோடு வேலைக்குப் போய் இருட்டியபின் வருகிறார், இடையில் அவளுக்கு மாடுகளும் ஜோனின் ஆங்கிலமும்தான். பால், பாண் வாங்க நடந்து போக ஒரு மூலைக் கடைகூடப் பக்கத்தில் இல்லை. ஊருக்குப் போய்விடுகிறேன் என்கிறாள், டிக்கெட்டும் எடுத்தாயிற்று.

"போனா திரும்ப வரமாட்டா. நீங்க கொஞ்சம் பேசிப் பாருங்களேன்."

அவவுக்கு என்னோடு கதைக்க விருப்பமில்லைப் போல என்று சொல்லிவிட்டுக் காரை எடுத்தேன். ரோஷத்துக்கு என்னிடம் எப்போதும் குறைவில்லை.

அவள் விமானமேறுவதற்கு முதல்நாள் பின்னேரம். வேலையால் வந்து, குழாயைத் திறந்துவிட்டு, சட்டைக் கழுத்துப்பட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். பெட்டி சுற்றியது. எட்டிப் பார்த்தால் தட்டு வெறுமை. அந்தப் பக்கத்திலிருந்து குரல் மட்டும் வந்தது.

"அம்மா, நான் போயிடட்டுமா?"

அவள் என்னோடு பேசிய முதல் பேச்சு அது. தண்ணீர்ச் சத்தத்தில் 'போயிடட்டுமா' மட்டும்தான் எனக்குச் சரியாகக் கேட்டது. குளியலறை இரண்டு வீட்டுக்கும் பொது, சுடுதண்ணீர் ஒருவருக்குத்தான் காணும். குளிக்கப் போகட்டுமா என்று கேட்கிறாள் என்று எடுத்துக்கொண்டு, "ஓம்" என்றேன்.

பிறகு குழாய்ச் சத்தம் வருமென்று காத்திருந்தேன். வரவில்லை. நெடுநேரமாயும் வரவில்லை. குளிக்காவிட்டால் நானாவது குளிப்பேனே என்ற எரிச்சலில் தோட்டத்தைச் சுற்றிக்கொண்டு அவர்களுடைய அடுப்படிக்குப் போனேன். கட்டி முடித்த சூட்கேசின் மேல், பெட்டியைப் பார்த்தபடி, கைகூப்பிக்கொண்டு கலைவாணி உட்கார்ந்திருந்தாள். என்னைக் கண்டதும் எழும்பினாள்.

"பூஜை முடிஞ்சுதாம்மா?"

"என்ன பூசை?"

"ஓம் சொல்லிட்டிருந்தீங்களே. நடுவுல பேசக்கூடாதுன்னு காத்திருந்தேன்."

விளங்கி எடுக்கக் கொஞ்சம் நேரம் பிடித்தது. மடம், கல்யாணமாகாத பெண், வெள்ளை உடுப்பு, மீன் வாடையே இல்லாத அடுப்படி, சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து நாள்தோறும் ஓம், ஓம். அவள் என்னை யாரென்று நினைத்திருப்பாள் என்று நீங்களே சொல்லுங்கள். உள்ளியில்லாச் சோறு வந்த காரணமும் அப்போதுதான் தெரிந்தது. எங்கள் ஊரில் ஓம் என்றால் உங்கள் ஆமாதான் என்று சொன்னேன். அவள் முகம் மாறியது.

"அப்ப என்னை ஊருக்குப் போகச் சொன்னீங்களா?"

"இல்லை. குளிக்கத்தான் போகச் சொன்னனான்."

என்னைப் பார்த்தாள். சிரிக்கத் தொடங்கினாள். கன்னியர்கள் பாத்திரம் வைக்கும் சத்தம்கூடக் கேட்காமல் வேலை செய்த அந்த அடுப்படியில், சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஜோன் பயந்து வந்து எட்டிப் பார்த்தார். இடையில் கொஞ்சம் அழுதாள், பிறகும் சிரித்தாள். ஒருநாள் நான் அவ்வளவு உருக்கமாக ஓம் சொன்னதைக் கேட்டு, தன் பக்கத்தில் நின்று கும்பிட்டாளாம். அது கனடா மாப்பிள்ளை, நித்திரை தூங்கித் தூங்கி ஓம் சொன்னேன் என்றேன்.

அன்று அவள் குளிக்கப் போனாள். ஊருக்குப் போகவில்லை. உங்கள் ஓம், போ என்ற ஆமாதான் என்று அப்போதே விளங்கியிருந்தால் போயிருப்பேன், செந்திலுக்கு ஃபோன் பண்ணி வரச் சொல்லியிருப்பேன், காத்துக்கொண்டு இருந்ததில் நீங்கள் வந்துவிட்டீர்கள் என்று பிறகொருநாள் சொன்னாள். அடுத்த கிழமை பெட்டியில் வந்த குழம்பில் உள்ளி மிதந்தது.

என் ஓம்களில் ஒன்று கொழும்பு மாப்பிள்ளையைக் கொண்டுவந்து சேர்த்தது, இதோ கதவு தட்டிக்கொண்டிருக்கிறாரே, அவர்தான். நாங்கள் கிளென் ஈடனுக்கும் அவர்கள் பக்குரங்காவுக்கும் போனோம். நடுவில் முழு நகரமும் கிடந்தது, ஆனாலும் ஃபோன் இல்லாத நாள் இல்லை. காலப்போக்கில் அவள் ஓம் என்றும் கதைக்கிறது என்றும் சொல்லத் தொடங்க, எனக்கு ஆமா தொற்றிக்கொண்டது. எங்கள் இருவருடைய பிள்ளைகளும் இரண்டுக்கும் ஆங்கிலத்தில் பதில் சொன்னார்கள்.

ஜோன் காலமான பின் காணி கைமாறியது. இங்கே மர வீடுகளை அறுத்து லொறியில் ஏற்றிக்கொண்டு போவார்கள், தெரியுமல்லவா. அந்த வீட்டையும் துண்டு துண்டாக அறுத்து வடக்கே எங்கோ கொண்டுபோனார்கள் என்று கேள்வி. வாள் போன பாதையில் எங்கள் சுவர் இருந்திருக்க வேண்டும், அதனால்தான் பெட்டி யார்டுக்கு வந்திருக்கிறது. மாடுகள் நின்ற இடத்தில் இப்போது ஒரே மாதிரியான வீடுகள், ஒரே மாதிரியான வேலிகள்.

யார்ட்காரர் விலையைக் குறைத்துத் தருகிறேன் என்றார். வேண்டாம் என்றேன். வீட்டில் வைக்க இடமில்லை என்று கணவரிடம் சொன்னேன். அது பொய்யில்லை, முழுக் காரணமும் இல்லை.

செந்தில் இறந்து ஒரு வருடம் ஆகியிருந்த நேரம், கலைவாணியின் பக்குரங்கா வீட்டு அடுப்படியில் இருந்தோம். பிள்ளைகள் ஆளுக்கொரு நாட்டில். மதுரையில் தங்கை இவளுக்கென்று மாடியைக் காலிபண்ணி வைத்திருந்தாள். எங்களுக்கு நடுவில் சுவர் இல்லை, குழாய் திறந்திருக்கவில்லை. தேத்தண்ணீரைக் கலக்கிக்கொண்டே கேட்டாள்.

"அக்கா, நான் ஊருக்குப் போயிடட்டுமா?"

குளிக்கவோ என்று கேட்க வாய் உன்னியது. கேட்டிருந்தால் சிரித்திருப்பாள், இன்னும் கொஞ்ச நாள் இருந்திருப்பாளோ என்னவோ. எனக்கு அவள் போகக் கூடாது என்றுதான் இருந்தது. ஆனால் அவளுடைய முகத்தைப் பார்த்தேன்.

"ஓம்" என்றேன்.

இந்த முறை அவளுக்கு விளங்கியது.