வட்டைத் தெருவில் தண்ணீர் நிற்பதில்லை

காலை ஆறரைக்குக் கல்முனையில் இறங்கினேன். கொழும்பிலிருந்து ஏறக்குறைய முந்நூற்றறுபது கிலோமீற்றர், இரண்டாயிரத்து எண்ணூறு ரூபாய் டிக்கெட், பாதித் தூக்கம். பாதித் தூக்கத்தில் வந்து சேரும் ஊர்கள் எனக்கு எப்போதும் கொஞ்சம் கனவாகவே தெரியும். கிழக்கே ஒரு சந்தின் முடிவில் கடல் மினுங்கியது. மேற்கே, கடைகளுக்குப் பின்னால், வயல்மேல் மெல்லிய பனிப்புகார். நடுவில் வீடுகள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்றன.

ஓய்வுபெறும் வயது நெருங்க நெருங்க எனக்கு ஓர் ஆசை பிடித்துக்கொண்டது. கொழும்பு மாடிவீட்டை விட்டுவிட்டு இந்தப் பக்கம் ஒரு துண்டுக் காணி வாங்கிக் குடியேறினால் என்ன? “போய்ப் பார்த்துவிட்டு வா, ஆசை தீரும்” என்று கணவர் அனுப்பிவைத்தார். கல்முனையில் இருக்கும் சிநேகிதி எனக்காக ஓர் ஆட்டோவையும், அதோடு அன்சார் என்ற சாரதியையும் ஏற்பாடு செய்திருந்தாள்.

“புதுசா வீடு கட்டிற பக்கம் போங்க தம்பி. அங்க குடியிருக்க எப்பிடி எண்டு பார்க்கணும்” என்றேன்.

அன்சார் கண்ணாடியில் என்னை ஒருமுறை பார்த்தார். “விளங்கிச்சி ராத்தா” என்றார், அளவுக்கு மீறிய மரியாதையோடு. “கரையில காணி முடிஞ்சி. இப்ப ஊரு வட்டைக்குள்ள நடக்கிது.”

வட்டை என்றால் வயல்வெளி. மூன்று கிலோமீற்றர், நானூறு ரூபாய். கிறவல் போட்ட புதுத் தெருவின் இருபக்கமும் பாதி கட்டிய மாடிகள் வானத்தில் கம்பிகளை நீட்டிக்கொண்டிருந்தன. கடைசி வீட்டு மதிலை ஒட்டியே நெல் விளைந்து கிடந்தது. கொக்குகள் வயலில் நிற்பதா, புது மண்ணில் நிற்பதா என்று தெரியாமல் வரம்பில் நின்றன. மேற்கிலிருந்து கச்சான் காற்று வீச, வைக்கோலும் சீமெந்தும் கலந்த ஒரு வாசம் வந்தது. அந்த நிமிடமே காணி வாங்கிவிடத் தோன்றியது.

தெருமுனைக் கடையில் தேநீர் குடித்தேன். கடைக்காரர் றபீக் நான் கேட்காததற்கும் பதில் சொன்னார். “நல்ல காத்து, நல்ல சனம். தண்ணியா? இந்தத் தெருவில தண்ணி நிக்கிறயே இல்ல ராத்தா!” தலையில் முக்காட்டை இழுத்துவிட்டபடி வந்த அவர் மனைவி, “நுளம்பு கூட இல்ல” என்றாள். சொல்லும்போதே காலில் ஒன்றை அடித்தாள்.

தேநீருக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார்கள். அன்சார் என்னை நேரே ஒரு வெள்ளை வீட்டுக்குக் கூட்டிப்போனார். வாசலுக்கே ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்ட அந்த வீட்டுக்காரி, பௌசியா, என்னை நாற்காலியில் உட்காரவைத்து இடியப்பம், ஆணம், வட்டிலப்பம் என்று அடுக்கினாள். கிழக்கு மாகாணத்தார் விருந்தோம்பல் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன். இவ்வளவு என்று நினைக்கவில்லை. ஆனந்தமாக ஒரு வெட்டு வெட்டினேன்.

சாப்பிட்டபடியே வீட்டைப் பார்த்தேன். சுவரில் பிளக் பொயின்ட் எல்லாம் என் தோள் உயரத்தில் இருந்தன. பிரிட்ஜ் இரண்டு சீமெந்துக் கல்லின்மேல் ஏறி நின்றது. இந்த வீட்டார் நல்ல உயரமானவர்கள் போலும் என்று எண்ணிக்கொண்டேன்.

கை கழுவப் பின்பக்கம் போனபோது மகள் றிஸ்னா தண்ணீர் ஊற்றினாள். பாலர் பாடசாலையில் படிப்பிக்கும் பிள்ளை. தாய் கேட்காத தூரத்தில் குரலைத் தாழ்த்தினாள்.

“மாமி, உம்மா சொல்லமாட்டா. மார்கழி மழைக்கு வீட்டுக்குள்ள முழங்காலளவு தண்ணி வரும். மூணு நாலு நாளைக்கு வடியாது. இத அவருக்கிட்ட சொல்லிருங்க.”

“யாரிட்ட மகள்?”

“மாப்பிள்ளைக்கிட்டதான்.”

அப்போதுதான் எனக்கு முழுவதும் தூக்கம் கலைந்தது. இந்தக் கரையில் கலியாணம் முடிந்தால் பெண் எங்கும் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெட்டியோடு பெண் வீட்டுக்கு வருவார். ஒவ்வொரு மகளுக்கும் ஒரு வீடு வேண்டும். அதனால்தான் ஊரே வயலுக்குள் நடக்கிறது. மாப்பிள்ளை காலமெல்லாம் வாழப்போகும் இடம் என்பதால், அவர் பக்கத்தார் முதலில் தெருவை விசாரிக்க வருவார்கள். அன்றைக்கு அவர்கள் வருவது அன்சாருக்கும் தெரிந்திருக்கிறது; என்னை அவர்களில் ஒருத்தி என்று நினைத்துவிட்டார். அவர்களுக்குப் பதிலாக நான் வந்து வட்டிலப்பம் சாப்பிட்டிருக்கிறேன்.

வெட்கத்தோடு நான் யாரென்று சொன்னேன். றிஸ்னா வாயைப் பொத்திச் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. “போன முறை பேசின இடம் தண்ணிக் கதையாலதான் விட்டுப்போன. அதுக்குப் பிறகுதான் தெருவே ஒண்டா நிண்டு பொய் சொல்லுது. எனக்கு ஏலா மாமி. பொய்ய நம்பி வாற மனிசன் முதல் மழைக்கே என்னைப் பார்க்கிற பார்வை எப்பிடி இருக்கும்?”

தாயிடமும் நான் யாரென்று சொன்னேன். பௌசியா ஒரு கணம் திகைத்து, “செரி, சாப்பிட்டாச்சி. இனி நீங்களும் எங்கட ஆள்தான். இருந்துட்டுப் போங்க” என்று என் தோளைத் தட்டினாள்.

செய்தி நான்கு மதில் தாண்டிக் கடைக்கும் போனது. றபீக் ஓடிவந்தார். “முதல்லயே சொல்லிரிக்கலாமே! அப்ப உண்மையக் கேளுங்க. கடல் சத்தம் இல்லாம எனக்கு நித்திரை வாறல்ல. பள்ளிக்கூடம் தூரம். மழைக்குத் தவளையும் நாங்களும் ஒரே வீடு.”

“எனக்கு இங்கதான் மூச்சு விட ஏலுது” என்றாள் அவர் மனைவி. “கரையில பக்கத்து வீட்டார் தும்மினா எங்கட அடுப்படியில இருந்து துஆச் சொல்ற. வெள்ளம் வந்தா என்ன? முழுத் தெருவும் எங்கட மாடியில ஏறி ஒரே சட்டியில ஆக்கித் தின்னுற. அந்த நாலு நாளும் பெருநாள்தான்.”

அசர் தொழுகைக்குப் பிறகு, வெயில் நெல்மேல் சாய்ந்திருந்த நேரத்தில், உண்மையான மாப்பிள்ளை வீட்டார் வேனில் வந்தார்கள். மூன்று பெண்கள். தேநீர் வரும் இடைவெளியில் மாப்பிள்ளையின் தாயார் என் பக்கம் சாய்ந்தார். நான் சிரித்தபடி சாவகாசமாக உட்கார்ந்திருந்ததால் தெருக்காரி என்றே எண்ணிவிட்டார்.

“ஒரு கதை கேக்கணும் ராத்தா. இங்க தண்ணி நிக்குமா?”

எதிரே பௌசியாவின் கண்கள் என்னைக் கெஞ்சின. கதவோரம் தட்டோடு நின்ற றிஸ்னாவின் கண்களும்தான். இரண்டும் ஒன்றையே கேட்கவில்லை.

“வரும்” என்றேன். “பெரிய மழைக்கு வீட்டுக்குள்ளயே வரும். ஆனா இந்தத் தெரு ஆக்கள் ஒருத்தர ஒருத்தர் கைவிடமாட்டாங்க. அதக் காலையில இருந்து பார்த்துக்கிட்டு இருக்கேன்.”

அவர் தேநீரை முழுதாகக் குடித்தார். “யோசிச்சிச் சொல்றம்” என்று எழுந்தார்கள். வேன் கிளப்பிய தூசி அடங்கும்வரை பௌசியா வாசலிலேயே நின்றாள். பிறகு என்னிடம், “உங்களுக்கு பஸ்ஸுக்கு நேரமாகுதே” என்றாள். அந்த மரியாதை அறைந்ததுபோல் இருந்தது. றிஸ்னா மட்டும் கேற் வரை வந்து என் கையை இறுக்கிப் பிடித்தாள், என் தொலைபேசி இலக்கத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

ஆறு மணி பஸ். ஜன்னலுக்கு வெளியே வயல்கள் நீலமாகிக்கொண்டு போயின. கொழும்பில் எங்கள் மாடிக்கட்டடத்தில் இத்தனை வருடம் இருக்கிறேன். ஒரு வீட்டுப் பிள்ளைக்காக எங்கள் படிக்கட்டு முழுவதும் கூடிப் பொய் சொல்லுமா? எதிர்வீட்டாருக்கு என் பெயராவது தெரியுமா? அப்படிப்பட்ட தெருவின் பொய்யை, ஒரு நாள் விருந்தாளியான நான் உடைத்துவிட்டு வந்திருக்கிறேன். சொன்னது சரி என்று தெரிந்தும் நெஞ்சு கனத்தது.

பஸ் அம்பாறையைத் தாண்டும்போது றிஸ்னாவிடமிருந்து செய்தி வந்தது.

“மாமி, அவங்க வீட்டால கதைச்ச. மாப்பிள்ள ஒரேயொரு கேள்விதான் கேட்டிரிக்காராம். தண்ணி நிக்கிற நாளைக்கு மோட்டார்சைக்கிள எங்க வைக்கிற எண்டு.”