நீட்டாத சீட்டு

அண்ணாச்சி இருந்தார். அவர் வீட்டுக்கார அக்கா இருந்தார். அண்ணாச்சியைத் தூக்கி இறக்க நான் இருந்தேன். திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் அவருடைய அரிசிக் கடையில் மூட்டை சுமக்கிறவன் நான்.

அங்கிருந்து சிங்கப்பூருக்கு, அண்ணாச்சியின் இருதய ஆபரேஷனுக்குப் போனோம். சாதா சீட்டு தாங்காது என்று டாக்டர் சொன்னதால் பிசினஸ் கிளாஸ். பொத்தானை அமுக்கினால் சீட்டு கட்டிலாக நீளும்.

விமானம் ஏறியதும் பணிப்பெண் சூடான துண்டு தந்தாள். வெள்ளைத் துணி விரித்தாள். அண்ணாச்சியின் முகத்தைப் பார்த்துவிட்டு, "சாரினெக் கிடத்தட்டே?" என்று மலையாளத்தில் கேட்டாள். படுக்க வைக்கட்டுமா என்றுதான் அர்த்தம். எங்கள் பேச்சில் பிணத்தைத்தான் கிடத்துவார்கள்.

அக்கா வாயைப் பொத்திக்கொண்டார்.

"அது மலையாளம், புள்ள," என்றார் அண்ணாச்சி. மூச்சு வாங்கியது. "தமிழ்ல கெடத்த இன்னும் நேரம் கெடக்கு."

அக்கா சிரிக்கவில்லை. "தம்பி, அந்தப் பொத்தானைத் தொட்டுராத," என்றார்.

நான் தொடவில்லை. அண்ணாச்சி உட்கார்ந்தபடியே கண்மூடி வந்தார். உதடு நீலமாக இருந்தது. அக்கா அடிக்கடி அவர் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தார். வந்த சாப்பாடு வந்தபடியே திரும்பிப் போனது.

சிங்கப்பூரில் விமானத்தின் வாசலைத் தாண்டியதும், அண்ணாச்சியின் மூச்சு என் தோளில் பட, ஏனோ எங்களை எண்ணிப் பார்த்தேன்.

மூன்று பேர்.