ஹங்கேரிச் சொல்லும் காணிப்பாக்கத்துக் குளமும்

திருப்பதி விஷ்ணுவர்தன் ஹங்கேரியில் இரண்டாண்டு வேதியியல் ஆராய்ச்சி செய்து 2001இல் திரும்பினார். கொண்டுவந்தவை ஒரு கம்பளிக் குல்லாயும் அளவற்ற அகந்தையும். சித்தூர் வெயிலிலும் குல்லாயைக் கழற்றவில்லை.

சித்தூரருகே புதிதாக எழும்பிய தனியார் கல்லூரியில் ஆசிரியரானார். துறைத் தலைவர் பதவிக்கு ஏங்கினார். கல்குவாரி நடத்திக் கல்லூரி முதலாளியான வெங்கடசாமி, திறப்புவிழா மலருக்குக் கட்டுரை ஒன்று கேட்டார். அது நன்றாக அமைந்தால் பதவி என்றார்.

சலவைச் சோடாவை ஹங்கேரியர் ‘சிக்‌ஷோ’ என்பர். அது வடமொழிச் ‘சிக்ஷா’விலிருந்து பிறந்தது, கல்வி மனத்தை வெளுப்பதுபோல் சோடா துணியை வெளுக்கிறது என்று விஷ்ணுவர்தன் பதினோரு பக்கம் எழுதினார். அதை ஆய்வகத்தில் வெங்கடசாமிக்கு உரக்கப் படித்தும் காட்டினார்.

சலவைத் தொழில் குடும்பத்தில் பிறந்த ஆய்வக உதவியாளர் முனிகிருஷ்ணன் குறுக்கிட்டார்.

“ஏன் சார், அந்த ஊர்லயும் அது தரையில வெள்ளையா பூக்குமா? எங்கம்மா அதைத்தான் சொரண்டிக்கினு வந்து துணி வேவிப்பாங்க.”

“உனக்கெதுக்குடா மொழியாராய்ச்சி? குழாயைக் கழுவு!”

இவ்வளவு சீற்றம் ஏன் என்று வெங்கடசாமிக்கு ஐயம் எழுந்தது. அவருக்கு வேதியியலும் தெரியாது, ஹங்கேரியும் தெரியாது. ஆனால் குவாரி எல்லைத் தகராறுகளை அவர் தீர்த்த வழி ஒன்றுண்டு: காணிப்பாக்கத்துக் குளத்தில் முழுகி, விநாயகர் முன் சத்தியம் செய்வது.

“நாளைக்கு வந்து, எழுதினது நெஜம்னு சொல்லிடுங்க சார். நாற்காலி உங்களுக்குத்தான்.”

“சொல்லாராய்ச்சிக்குப் பிரமாணமா? புஸ்தகம் இருக்கே!”

“புஸ்தகம் பயப்படாது சார். மனுசன்தான் பயப்படுவான்.”

மறுநாள் விஷ்ணுவர்தன் குல்லாயைக் கழற்றிவிட்டு முழுகினார். எழுந்தவர் சந்நிதிப் பக்கம் ஓரடியும் வைக்கவில்லை. பொய்ச் சத்தியம் செய்தவனைப் பிள்ளையார் விடமாட்டார் என்ற அச்சத்தை எந்த ஆராய்ச்சிப் பட்டமும் நீக்கிவிடவில்லை.

“சிக்னா உவர்நிலம், ஷோன்னா உப்பு,” என்றார் படியில் நின்றபடியே. “அங்க நான் குடியிருந்த வீட்டுக்காரி அப்பவே சொன்னா. தரையில பூக்கறதைப் பெருக்கி எடுப்பாளாம்.”

“அப்ப முனிகிருஷ்ணன் கேட்டது சரிதானா?”

விஷ்ணுவர்தன் தலையசைத்தார்.

“நேத்தே ஆமான்னு சொல்லியிருந்தா நாற்காலி போயிருக்காதே சார்!” என்று துண்டை நீட்டிவிட்டு, வெங்கடசாமி காரேறிப் போய்விட்டார்.

பதவி வேலூரிலிருந்து வந்த நீரஜா என்பவருக்குப் போயிற்று. மலரில் அந்தப் பதினோரு பக்கங்களையும் குவாரி விளம்பரங்கள் நிரப்பின. குளத்தில் முழுகிய அன்று சித்தூர்ப் பேருந்தில் ஈர வேட்டியுடன் ஏறிய விஷ்ணுவர்தனை நடத்துநரும் இருக்கையில் உட்கார விடவில்லை.