அம்மன் கதையும் என் கூழ்ப்பானையும்

இரண்டு வருடத்துக்கு முன், ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் நடந்தது இது. ஆவடிக்குப் பக்கத்தில், வெள்ளானூரை ஒட்டிய எங்கள் ஊர் அம்மன் கோவிலில் கூழ் வார்க்கிற நாள்.

எங்கள் தெரு ஒரு காலத்தில் வயல் கூலிக்குப் போனவர்கள் தெரு. நிலம் வைத்திருந்த பெரிய தெருக்காரர்கள், வீட்டில் காய்ச்சிய கூழைக் கோவிலுக்குள் இருக்கிற அண்டாவில் ஊற்றுவார்கள். எங்களுக்கு வெளியே வேப்பமரத்தடியில் தனி அண்டா. கல்யாணமாகி வந்து நாற்பது வருடமும் நான் அங்கேதான் ஊற்றினேன்.

ஏன் என்று கேட்டால் பூசாரி அம்மன் கதையைச் சொல்வார். வெட்டுப்பட்ட அம்மன் தலை, எங்கள் குடிப் பெண் ஒருத்தியின் உடம்போடு ஒட்டிக்கொண்டதாம். "தல மட்டுந்தாம்மே உள்ள கீது. உடம்பு உங்குளுது, அது வெளியதான்" என்பார். நானும் கன்னத்தில் போட்டுக்கொண்டு வந்துவிடுவேன்.

இப்போது இரண்டு தெருப் பிள்ளைகளும் ஒரே கம்பெனி பஸ்ஸில் வேலைக்குப் போகிறார்கள். "இன்னும் இன்னாத்துக்கு ரெண்டு அண்டா?" என்று சேர்ந்தே கேட்டுவிட்டார்கள். அந்த வருடம் வேப்பமரத்தடியில் அண்டா வைக்கவில்லை. அதே பூசாரி மைக்கைப் பிடித்தார்.

"தல ஒரு குடி, உடம்பு ஒரு குடி. அல்லாரும் ஒண்ணுன்னு ஆத்தா அன்னிக்கே சொல்ட்டா! அல்லாரும் உள்ள வாங்க!"

பெண்கள் குலவை போட்டார்கள். எனக்கோ பற்றிக்கொண்டு வந்தது. இடுப்பில் பானையோடு வாசலை மறித்து நின்றேன்.

"இன்னா பூசாரி, அன்னிக்கே சொல்ட்டாளா? அப்போ நாப்பது வர்சமா உனுக்குக் காது கேக்கலியா?"

என் மருமகள் முந்தானையை இழுத்தாள். "அத்தே, உள்ள உட்றாங்க இல்ல, ஊத்திட்டு வா அத்தே. மானத்த வாங்காத."

"கதைல கீறதத்தான் சொன்னேன் யக்கா" என்றார் பூசாரி. அன்றைக்குத்தான் நான் அவருக்கு அக்கா ஆனேன்.

"முன்னயும் அத்தத்தானே சொன்ன?"

நான் எழுத்துக் கூட்டிப் படிக்கிறவள். ஆனால் கேட்ட கதை ஒரு சொல் மறக்காது.

அவர் மைக்கை அணைத்துவிட்டு அருகில் வந்தார். "கத அப்டியேதான் கீது. நாங்கதான் எங்குளுக்குத் தோதா சொல்லிக்கினு இருந்தோம். போதுமா?"

"இத்த மைக்குல சொல்லு. நான் உள்ள வர்றேன்."

பூசாரி பெரிய தெரு ஆட்கள் நின்ற பக்கம் பார்த்தார். மைக் பக்கம் கை போகவில்லை.

என் பின்னால் எங்கள் தெருப் பெண்கள் பானையோடு காத்திருந்தார்கள். அவர்கள் முகத்தில் இருந்த சந்தோஷத்தைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை. விலகி வழிவிட்டேன். மருமகள் உள்ளே போனாள். நான் வேப்பமரத்தடியில் பானையை இறக்கி, வருகிறவர்களுக்கு ஊற்ற ஆரம்பித்தேன்.

கூட்டம் குறைந்தபோது பூசாரி சொம்போடு வந்து நின்றார். நாற்பது வருடத்தில் எங்கள் கூழை அவர் வாயில் வைத்ததில்லை. ஊற்றினேன். நின்றபடியே குடித்தார். காலிச் சொம்போடு கோவிலுக்குள் போனார்.

குடித்தது நல்ல காரியம்தான், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் இந்த ஆடியிலும் மைக்கில் "ஆத்தா அன்னிக்கே சொல்ட்டா" என்றுதான் கேட்டது. "நாங்க தப்பா சொன்னோம்" என்கிற ஒரு வரியை அந்தக் கதையோடு அவர் சேர்த்துச் சொல்லும்வரை, என் பானைக்கு வேப்பமரத்து நிழலே போதும்.