கப்பலேறாத சின்னையா

செவ்வாய்க்கிழமை காலை தேக்கா கடைத்தெருவில் நாவிதரிடம் சவரத்துக்கு உட்கார்ந்திருந்தேன். ஒரு கன்னம் முடிந்து மறு கன்னத்தில் நுரை இருந்தபோது வண்டிக்கார முனியன் வந்து, “கிராணி ஐயா, நம்ம சின்னையா அண்ணன் தவறிட்டாரு” என்றான். முகத்தைத் துடைக்கவும் தோன்றாமல் எழுந்து ஓடினேன். என்னைப் பார்த்துச் சிரிக்கக் காரணம் தேடுகிறவர்கள் சுண்ணாம்புக் கம்பம் என்னும் எங்கள் குடியிருப்பில் நிறையப் பேர் உண்டு. அன்று அந்தக் கோலத்தில் ஓடியும் ஒருவரும் சிரிக்கவில்லை. செய்தி உண்மை என்று அப்போதுதான் உறைத்தது.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சின்னையா நாகப்பட்டினத்திலிருந்து கடல் கடந்து இந்த ஊருக்கு வந்தவர். காளவாயிலிருந்து கட்டடம் எழும் இடங்களுக்கெல்லாம் மாட்டு வண்டியில் சுண்ணாம்பு ஏற்றிச் சென்றவர். அதே காளவாயில் நான் கணக்கெழுதும் கிராணி. மூன்றாம் வகுப்பு வரை இங்கிலீஷ் படித்த பெருமையில், வண்டிகள் போவதையும் வருவதையும் எழுதிக்கொண்டு நிழலில் உட்கார்ந்திருப்பேன். மற்றவர்கள் இரண்டு நடை போய்வரும் பொழுதில் அவர் மூன்று நடை போய்வருவார்.

நண்பகலில் மாடுகளை அவிழ்த்துவிட்டு வண்டிக்காரர்கள் கஞ்சா பிடிப்பது வழக்கம். சுண்ணாம்புத் தூசியில் எரியும் நெஞ்சுக்கு அதுதான் மருந்து என்பார்கள். நானும் ஒருமுறை இழுத்துப் பார்த்தேன். என் தலைப்பாகையை அவிழ்த்து, வைக்கோல் என்று மாட்டின் முன்னால் போட்டேனாம்! மாடு என்னைவிடத் தெளிவாக இருந்ததால் தலைப்பாகை தப்பியது.

சின்னையாவுக்கு அப்படியில்லை. புகைத்த பிறகுதான் அவருக்கு வேகம் பிறக்கும். “ரெண்டு இழுப்பு இழுத்துட்டா மாடும் நானும் ஒண்ணுண்ணே. எதுக்கு இழுக்கிறோம்னு கேக்க மாட்டோம்” என்பார். அவருடைய உழைப்புக்கெல்லாம் கஞ்சாவே காரணம் என்று நாங்கள் பேசிக்கொண்டோம்.

அவருடைய ஒரே மகள் பாக்கியம் தாயோடு நாகப்பட்டினத்தில் இருந்தாள். அவளை என் மகன் தங்கராசுக்குக் கொடுப்பதென்று இருவரும் வெற்றிலை மாற்றிக்கொண்டோம். அன்று முதல் அவருக்கு நான் சம்பந்தி, எனக்கு அவர் சம்பந்தி.

அடுத்த ஆண்டு அவருடைய மனைவி காய்ச்சலில் இறந்துவிட்டதாகக் கடிதம் வந்தது. படித்துக் காட்டியவன் நான்தான். பெண் தாய்மாமன் வீட்டில் இருக்கிறாள், தகப்பனார் வந்து அழைத்துப் போகவும் என்று எழுதியிருந்தது. துணிப்பெட்டியோடு தஞ்சோங் பகார் துறைக்குப் போனவர் மாலையில் திரும்பி வந்துவிட்டார்.

“என்ன சம்பந்தி, கப்பல் போயிடுச்சா?”

“நின்னுச்சு சம்பந்தி. பாத்துக்கிட்டே இருந்தேன். ஏறணும்னு தோணல.”

அடுத்த கப்பலுக்கும் அப்படித்தான். அதற்கடுத்த கப்பலுக்குத் துறைக்கே போகவில்லை. வண்டி கட்டுவதும் நின்றது. வண்டிக் கொட்டகைச் சுவரில் சாய்ந்தபடி புகைத்துக்கொண்டிருந்தார். உழைப்பைக் கொடுத்தது கஞ்சா என்று சொன்ன அதே நாங்கள், உழைப்பைத் தின்றதும் கஞ்சா என்றோம். இரண்டையும் உரக்கச் சொன்னவன் நான்.

ஆகவே ஒரு நிபந்தனை போட்டேன். “ஆறு மாசம் கஞ்சாவைத் தொடாதீங்க. அப்புறம் நானே உங்ககூட நாகப்பட்டினம் வந்து பொண்ணை அழைச்சிட்டு வர்றேன்.” சவுத் பிரிட்ஜ் ரோட்டு அம்மன் கோவிலில் அவர் கையில் காப்புக் கட்டினோம். என் சாமர்த்தியத்தை நானே நான்கு பேரிடம் சொல்லிப் பெருமைப்பட்டேன்.

அவர் சொன்ன சொல் தவறவில்லை. முதல் வாரம் உறக்கம் இல்லை. பிறகு அதுவும் அடங்கியது. ஆனால் கொட்டகைச் சுவரை விட்டு எழுந்திருக்கவில்லை. நான்காம் மாதம் கோபத்தோடு போய் நின்றேன்.

“அதான் விட்டாச்சே சம்பந்தி! இன்னும் என்ன? எந்திரிங்க, வண்டியைக் கட்டுங்க!”

அவர் என்னை ஏறிட்டுப் பார்த்தார். “விட்டுட்டேன் சம்பந்தி. அது போன இடத்துல வேற எதுவும் வந்து உக்காரலியே. நான் என்ன செய்யட்டும்?”

அன்றே நான் கப்பலேறியிருக்க வேண்டும். பெண் காத்திருப்பது எனக்குத் தெரியும். ஆனால் ஆறு மாதம் என்று சொன்னது ஆறு மாதம்தான் என்று பிடிவாதமாக இருந்தேன். காளவாய் கிராணியின் புத்தி அவ்வளவுதான்.

ஐந்தாம் மாதம் தாய்மாமனின் கடிதம் வந்தது. எத்தனை நாள்தான் காத்திருப்பது, பாக்கியத்தை உள்ளூரிலேயே ஒருவருக்குக் கட்டிக் கொடுத்துவிட்டோம் என்று எழுதியிருந்தார். அதையும் நான்தான் படித்தேன்.

“நல்லது சம்பந்தி. யாரோ ஒருத்தர் எந்திரிச்சுப் போய்ச் செஞ்சிருக்காங்க” என்றார் அவர். அவ்வளவுதான் சொன்னார். மறுநாள் காப்பை அவிழ்த்து வைத்துவிட்டுப் பழையபடி புகைக்கத் தொடங்கினார். யாரும் தடுக்கவில்லை. நானும் தடுக்கவில்லை. எதைச் சொல்லித் தடுப்பது?

ஓராண்டு அப்படியே போயிற்று. நெஞ்சுச் சளி முற்றி, அந்தச் சுவரோரத்திலேயே அவர் உயிர் பிரிந்தது. கஞ்சா ஒரு நல்ல உழைப்பாளியைக் கெடுத்துவிட்டது என்று தேக்காவில் பேசிக்கொள்கிறார்கள். இருக்கலாம். ஆனால் கஞ்சா இல்லாத அந்த ஐந்து மாதங்களில் நான் அவரைத் தினமும் பார்த்தவன். அவரைப் பிடித்து வைத்திருந்தது எது என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்தவன் போலப் பேசியதுதான் நான் செய்த தவறு.

அடக்கத்தின்போது சடங்கு செய்த பெரியவர், “மொத மண்ணு போட உரிமைக்காரங்க யாருப்பா?” என்று கேட்டார். கூட்டத்திலிருந்து தங்கராசு முன்னால் வந்தான். அவனுக்கு இன்னும் மணமாகவில்லை.

“நீ என்ன முறை தம்பி?”

அவன் என் பக்கம் திரும்பினான். நான் தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் சுருட்டிக்கொண்டிருந்தேன்.

“ஒரு முறையும் இல்லீங்க” என்றான் அவன். குனிந்து மழையில் நனைந்திருந்த மண்ணை அள்ளினான். அது உடனே விழாமல் உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டது. மறு கையால் வழித்துப் போட்டான்.

சம்பந்தி, இனி உங்களை எழுந்திருக்கச் சொல்லி யாரும் வந்து நிற்க மாட்டார்கள். நானும் வர மாட்டேன். உறங்குங்கள்.